அம்மாவின் கொட்டைப்பெட்டி

"பணம் பத்தும் செய்யும்" என்பது நம்மவர் அடிக்கடி எடுத்தாளும் பழமொழி. சொந்த ஊரிலே இருக்கும்வரை அது மெய்யாகவே தோன்றும். கடல் கடந்து வேறொரு நாட்டிலே போய் நிற்கும்போது, கை நிறையப் பணமிருந்தும் அதனால் ஒரு கோப்பைத் தேநீர்கூட வாங்க முடியாத வேளையும் வரக்கூடும் என்பதை நான் 2016 ஆம் ஆண்டு மதுரை மாநகரிலே கண்டறிந்தேன்.

என் வீட்டு அலுமாரியின் மேற்தட்டில் ஒரு பழைய கடித உறை இருக்கின்றது. அதனுள்ளே ஏழு ஆயிரம் ரூபாத் தாள்களும் இரண்டு ஐந்நூறு ரூபாத் தாள்களுமாக ஒன்பது இந்திய நாணயத் தாள்கள் உள்ளன. கூட்டினால் எண்ணாயிரம் ரூபா. உயர்தர வகுப்பு மாணவர்க்குப் பணத்தைப் பற்றிய பாடம் தொடங்கும் நாளில் அந்த உறையைக் கல்லூரிக்குக் கொண்டு செல்வது என் வழக்கம். தாள்களைக் கையிலே வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சேர், இது கள்ளத் தாளோ?" என்று யாராவது ஒரு மாணவன் கேட்பான். "இல்லைத் தம்பி, நல்ல தாள்தான், ஆனால் செல்லாது" என்பேன். அவன் விழிப்பான். அன்றைய பாடம் அங்கே தொடங்கும்.

அந்த எண்ணாயிரம் ரூபா என் கையில் தங்கிய கதையை மாணவர்க்குப் பாதிதான் சொல்வது வழக்கம். மீதிப் பாதி, பொருளியல் பட்டம் பெற்ற ஓர் ஆசிரியன் தன் குடும்பத்தினர் முன்னிலையில் தலைகுனிந்த கதை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு யாத்திரைக்கும் வைத்தியத்துக்கும் படிப்புக்குமாக நம் குடும்பங்கள் பல இன்று இந்தியாவுக்குப் போய்வருகின்ற காரணத்தால், அதனையும் இங்கே எழுதத் துணிந்தேன்.

அப்போது என் தாயாருக்கு வயது அறுபத்தெட்டு. இரு கண்களிலும் புரை படர்ந்திருந்தது. வலக்கண்ணில் அது நன்றாக முதிர்ந்து, எதிரே வருபவரைக் குரலால் மட்டுமே இனங்காணும் நிலை. சத்திரசிகிச்சையை மதுரையிலே செய்துகொண்டால் மீனாட்சி அம்மனையும் தரிசிக்கலாம் என்பது அம்மாவின் விருப்பம். இலண்டனிலே இருக்கும் என் தம்பி, செலவு முழுவதையும் தானே அனுப்புவதாகச் சொன்னான். நான் இசையவில்லை. "அம்மாவை வைத்திருக்கிறவன் நான், இது என் கடமை" என்று எழுதிவிட்டேன். கடமை என்று எழுதினேனாயினும் உள்ளே இருந்தது வீம்பு. வெளிநாட்டுக் காசுக்குக் கை நீட்டாமல் ஓர் ஆசிரியனும் தாய்க்குச் செய்ய முடியும் என்று ஊருக்கும் உறவுக்கும் காட்ட நினைத்தேன்.

சேமிப்பிலிருந்து எடுத்த பணத்துக்குக் கொழும்பிலே கடவுச்சீட்டையும் விமானச் சீட்டையும் காட்டி வங்கியில் 900 அமெரிக்க டொலர் வாங்கினேன். டொலர் ஒன்று அப்போது நம் பணத்தில் நூற்றைம்பது ரூபாவை அணுகியிருந்தது. சென்னையில் இறங்கியதும் பல கடைகளில் விசாரித்து, நல்ல விலை கொடுத்த ஓர் அனுமதி பெற்ற நாணயமாற்றுக் கடையில் ஒரேயடியாகத் தொள்ளாயிரத்தையும் மாற்றினேன். டொலருக்கு அறுபத்தாறு இந்திய ரூபாவாக, ஐம்பத்தொன்பதினாயிரத்து நானூறு கிடைத்தது. பல இடங்களில் பல தடவை மாற்றினால் தரகுக் காசு வீணாகும் என்பது என் கணக்கு. தாள்கள் பெரியனவாக இருந்தால் கட்டு மெல்லியதாக இருக்கும், சட்டையின் உட்பையில் வைத்தால் பிறர் கண்ணுக்குத் தெரியாது என்பது இரண்டாவது கணக்கு. ஆகவே ஆயிரமும் ஐந்நூறுமாகவே கேட்டு வாங்கினேன்.

கடையை விட்டு வெளியேறும்போது அம்மா என் கையைப் பிடித்தார்.

"தம்பி, எனக்கு ஒரு மூவாயிரம் தனியாத் தா. பெரிய தாள் வேண்டாம். எல்லாம் நூறு நூறாய் இருக்கவேணும்."

"உங்களுக்கு ஏனம்மா காசு? நான் பக்கத்திலைதானே நிக்கிறன்."

"நீ நிப்பாய். தேத்தண்ணிக்காரன் உன்ரை ஆயிரத்தை மாத்துவானோ?"

கண் தெரியாத கிழவிக்கு எதற்கு முப்பது தாள் என்று மனத்துக்குள் சலித்துக்கொண்டுதான் திரும்பவும் உள்ளே போய் மாற்றி வந்தேன். அம்மா அவற்றை விரல்களால் தடவி எண்ணி, மடித்து, தம் இடுப்பிலே செருகியிருந்த கொட்டைப்பெட்டிக்குள் வைத்தார். பனையோலையால் இழைத்த அந்தச் சிறு பெட்டியை இக்காலப் பிள்ளைகள் பலர் கண்டிருக்கமாட்டார்கள். நம் பாட்டிமார் வெற்றிலை பாக்கையும் சில்லறையையும் அதிலேதான் வைத்திருந்தனர். மீதிப் பணம் முழுவதும் என் உட்பையில். எவ்வளவு மாற்றினேன், எங்கே வைத்திருக்கிறேன் என்பதை என் மனைவிக்குக்கூட நான் சொல்லவில்லை. பெண்களுக்கு அது வீண் கவலை என்று எண்ணினேன்.

பாண்டியன் விரைவு வண்டியில் மதுரைக்குச் சென்றோம். ஒரு விடுதியில் அறை எடுத்து, தனியார் கண் மருத்துவமனை ஒன்றில் முற்பணம் பதினையாயிரம் கட்டினேன். நவம்பர் 8 ஆந் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, அம்மாவின் வலக்கண்ணுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. புரை மிக முதிர்ந்திருந்தபடியால் இரண்டு நாள் அங்கேயே தங்கிப் போகும்படி வைத்தியர் கூறினார். மீதி பதினெண்ணாயிரத்தை வெளியேறும்போது கட்ட வேண்டும். அன்று மாலை என் உட்பையில் முப்பத்தோராயிரம் ரூபா இருந்தது. எல்லாம் திட்டப்படியே நடந்ததென்று நிம்மதியாக இருந்தேன்.

இரவு எட்டு மணி கடந்திருக்கும். மருத்துவமனைக் கூடத்துத் தொலைக்காட்சியின் முன்னே ஆட்கள் திரண்டு நின்றனர். இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி பேசிக்கொண்டிருந்தார். எனக்கு இந்தி தெரியாது. கீழே ஓடிய எழுத்துகளைப் பார்த்து ஒருவர் தமிழிலே சொன்னார்: "ஐந்நூறும் ஆயிரமும் இன்னிக்கு ராத்திரி பன்னிரண்டு மணியோட செல்லாதாம்." நான் அதை நகைச்சுவை என்றே எண்ணினேன். அடுத்த கணம் கூடத்திலிருந்தோர் அனைவரும் தத்தம் பைகளைத் திறந்து எண்ணத் தொடங்கியபோதுதான் என் கை தானாகவே உட்பைக்குச் சென்றது.

அன்று இந்தியாவில் புழங்கிய பணத்தின் பெறுமதியில் நூற்றுக்கு எண்பத்தாறு பங்கு அந்த இரண்டு வகைத் தாள்களே. கறுப்புப் பணத்தையும் கள்ளத் தாளையும் ஒழிக்கவே இந்த ஏற்பாடு என்று அரசாங்கம் கூறியது. அதன் நன்மை தீமைகளை அந்நாட்டவர் இன்றும் விவாதிக்கின்றனர். அது என் வேலையன்று. பழைய தாள்களை வங்கியிலே கொடுத்து மாற்றலாம்; ஆனால் மறுநாள் வங்கிகள் பூட்டு; பணப்பொறிகள் இரண்டு நாளுக்குப் பூட்டு. வங்கி திறந்தாலும் ஒருவருக்கு நாலாயிரம் ரூபாவே மாற்றித் தருவர். அரசாங்க வைத்தியசாலை, புகையிரத நிலையம், பெட்ரோல் நிலையம், பால் விற்குமிடம், சுடுகாடு முதலான சில இடங்களில் மட்டும் பழைய தாளைச் சில நாட்களுக்கு வாங்குவர். நாங்கள் இருந்ததோ தனியார் மருத்துவமனை.

அறைக்குத் திரும்பியதும் என் மனைவி கேட்டாள்: "இஞ்சாருங்கோ, எங்களிட்டை எவ்வளவு இருக்கு? டொலர் ஏதும் மிச்சம் வைச்சிருக்கிறியளோ?"

பத்து ஆண்டு இல்வாழ்க்கையில் அவள் என்னிடம் பணக்கணக்குக் கேட்ட முதல் இரவு அது. டொலர் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். வங்கி அட்டையைப் பற்றிக் கேட்டாள். அட்டை இருந்தது, ஆனால் வெளிநாட்டிலே பயன்படுத்துவதற்கு வங்கிக்கு முன்கூட்டியே அறிவித்து அனுமதி பெற வேண்டுமென்பதை நான் பொருட்படுத்தவில்லை. கையிலே காசிருக்க அட்டை எதற்கு என்றிருந்தேன். அவள் ஒன்றும் பேசாமல் விளக்கை அணைத்துவிட்டாள். அந்த மௌனம் எனக்கு எந்த வசையிலும் கடுமையாக இருந்தது.

மறுநாட் காலை தேநீர்க் கடைக்காரர் ஐந்நூறு ரூபாத் தாளைக் கண்டதும் கைகூப்பினார். "வேண்டாங்க சார்" என்றார். காலை உணவுக்கும் வழியில்லை. அம்மாவின் கட்டிலருகே போய் நின்றேன். ஒரு கண் கட்டப்பட்டிருந்தது. மற்றக் கண்ணிலோ பார்வை மங்கல். என் மூச்சின் ஓசையிலிருந்தே அம்மா விஷயத்தை அறிந்துகொண்டார் போலும். தலையணையின் கீழே கையை விட்டுக் கொட்டைப்பெட்டியை எடுத்து நீட்டினார்.

"இருவத்தாறு தாள் கிடக்கு. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் முதலிலை சாப்பிடு."

நூறு ரூபாத் தாளுக்கு எந்தத் தடையுமில்லை. அந்த இருபத்தாறு தாள்களே அடுத்த ஐந்து நாளும் எங்கள் மூவருக்கும் சோறு போட்டன.

பின்னர் ஒருநாள் அம்மாவிடம் இந்த வழக்கம் எங்கிருந்து வந்ததென்று கேட்டேன். 1963 ஆம் ஆண்டு, பதினைந்து வயதுப் பெண்ணாக இருந்தபோது, தம் தந்தையாருடன் சிதம்பரம் போனாராம். தலைமன்னாரிலிருந்து கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து புகையிரதத்தில் செல்லும் காலம் அது. அடுத்த ஆண்டு டிசம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியையே அழித்துவிட்டது. இந்திய ரூபாவுக்கும் நம் ரூபாவுக்கும் அந்நாளில் ஒரே பெறுமதி. ஆனாலும் 1953 ஆம் ஆண்டின் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறையில் இருந்தபடியால் வேண்டியமட்டும் பணம் கொண்டுபோக முடியாது. கிடைத்த சிறு தொகையைப் பாட்டனார் மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கைத் தம் மடியிலும், ஒரு பங்கைப் பெட்டியின் அடியிலும், சில்லறையை மகளின் கொட்டைப்பெட்டியிலும் வைத்தாராம். "நான் தவறினாலும் நீ ஊருக்கு வந்து சேரவேணும்" என்று காரணமும் சொன்னாராம். பதினைந்து வயதுப் பெண் பிள்ளையிடம் அவர் சொல்லத் துணிந்ததை நான் என் மனைவியிடம் சொல்லவில்லையே என்று அப்போது நினைத்தேன்.

புதன்கிழமை மாலை விடுதி வாசலில் ஒருவன் என்னை அணுகினான். ஆயிரம் ரூபாத் தாளுக்கு எழுநூறு தருவதாகவும், நாளைக்கு வெளிவரும் புது இரண்டாயிரம் ரூபாத் தாளாகவே கொண்டுவந்து கொடுப்பதாகவும் மெதுவாகச் சொன்னான். முப்பத்தோராயிரத்தில் ஒன்பதினாயிரத்து முந்நூறு போய்விடும். ஆயினும் மருத்துவமனைக் கணக்கைத் தீர்த்துவிடலாம். நான் ஏறத்தாழ இசைந்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னபோது அவர் படுத்தபடியே இரண்டு கேள்விகள் கேட்டார்.

"செல்லாத தாளை அவன் ஏன் தம்பி காசு குடுத்து வாங்கிறான்? அதை விடு. அவன் தாறன் எண்ட புதுத் தாளை நீ முன்னம் கண்டிருக்கிறியோ? காணாத தாளை நல்லதெண்டு எப்பிடிச் சொல்லுவாய்?"

பொருளியல் நூல்கள் பல படித்த எனக்கு இந்த இரண்டாவது கேள்வி தோன்றவேயில்லை. புதிதாக அச்சிட்ட தாள் நாட்டவர்க்கே பழக்கமில்லாதபோது, கள்ளத் தாளுக்கும் நல்ல தாளுக்கும் வேறுபாடு காண அந்நியனால் எவ்வாறு இயலும்? அவனிடம் மறுத்துவிட்டேன்.

"சின்னவனுக்குச் சொன்னியோ?" என்று அம்மா கேட்டார். நான் பேசாதிருந்தேன். "உன்ரை வீம்புக்காக நான் இந்த ஆசுப்பத்திரியிலை கடன்காரியாக் கிடக்கவேணுமோ?" என்றார். அம்மா கடிந்து பேசுவது அரிது.

அன்றிரவு தம்பிக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணை, அவ எனக்கும் அம்மாதானே" என்றான். அவ்வளவுதான். பணத்தை அனுப்பவில்லையென்ற குறையை அவன் எத்தனை காலம் மனத்திலே சுமந்திருக்கிறான் என்பதை அந்த ஒரு வசனத்தில் உணர்ந்தேன். தாய்க்குச் செய்யும் பேற்றை நான் ஒருவனே எடுத்துக்கொள்ள முயன்றதைக் கடமை என்று பெயரிட்டு அழைத்திருந்தேன். அவன் உடனேயே மருத்துவமனையின் வங்கிக் கணக்குக்கு நேராகப் பதினெண்ணாயிரம் ரூபாவை அனுப்பி, அதற்கான சான்றையும் கைத்தொலைபேசிக்கு அனுப்பிவைத்தான். மருத்துவமனைக் கணக்காளர் ஒரு முதியவர். அந்தச் சான்றையும் எங்கள் கடவுச்சீட்டின் பிரதியையும் வாங்கி வைத்துக்கொண்டு, பணம் வந்து சேருமுன்னரே வியாழக்கிழமை அம்மாவை விடுதிக்கு அழைத்துச் செல்ல அனுமதித்தார். சனிக்கிழமை பணம் வந்துவிட்டதென்று அவரே அழைத்துச் சொன்னார்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு வங்கி வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது பிற்பகல் ஒரு மணி. கடவுச்சீட்டைக் காட்டி நாலாயிரம் மாற்றினேன். கிடைத்தவை இளஞ்சிவப்பு நிறத்தில் இரண்டு புதிய இரண்டாயிரம் ரூபாத் தாள்கள். வெற்றிக் களிப்போடு தேநீர்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் அந்தத் தாளை வியப்போடு தடவிப் பார்த்துவிட்டு, "அழகாத்தான் இருக்கு சார், ஆனா சில்லறைக்கு எங்கே போவேன்?" என்றார். ஐந்நூறும் இல்லை, ஆயிரமும் இல்லை. இரண்டாயிரத்துக்கும் நூறுக்கும் நடுவே பாலமே இல்லை. மீண்டும் கொட்டைப்பெட்டியே துணை. மறுநாள் என் மனைவி வரிசையில் நின்று இன்னொரு நாலாயிரம் மாற்றினாள். மருந்துக் கடையில் வைத்தியரின் துண்டைக் காட்டி ஆயிரத்தைந்நூறுக்கும், புகையிரத நிலையத்தில் பயணச் சீட்டாக இரண்டாயிரத்தைந்நூறுக்கும் பழைய தாள்களைக் கொடுத்தோம். விடுதிக்காரர் தமக்கு வங்கிக் கணக்கு உண்டென்று சொல்லி, அறை வாடகை ஆறாயிரத்தையும் பழைய தாளாகவே ஏற்றுக்கொண்டார். சென்னை விமான நிலையத்தில் ஐயாயிரம்வரை மாற்றித் தந்தனர். மிஞ்சிய எண்ணாயிரம் என் அலுமாரிக்கு வந்தது.

மதுரையை விட்டுப் புறப்பட்ட நாளன்று கோயில் வீதியிலே ஆட்டோவை நிறுத்தச் சொன்னார் அம்மா. கூட்டத்துக்குள் போகக்கூடாதென்று வைத்தியர் தடுத்திருந்தார். தெருவில் நின்றபடியே கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். "எத்தினை நிறமடா தம்பி!" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இந்த அனுபவத்தின் பின்னர், வெளிநாடு செல்லும் உறவினரும் மாணவரும் பணவிஷயமாக என்னிடம் யோசனை கேட்டால் சில காரியங்களைத் தவறாமற் சொல்லி வருகின்றேன்.

முதலாவது, பணத்தை ஒரே உருவத்தில் வைத்திருத்தல் ஆகாது. கொஞ்சம் டொலராக, கொஞ்சம் போகும் நாட்டுப் பணமாக, கொஞ்சம் வங்கி அட்டையில் இருக்கட்டும். ஒரே நாளில் முழுவதையும் மாற்றிவிடாமல் தேவைக்கேற்ப மாற்றினால், தரகில் சிறிது நட்டம் வரலாம். அதைக் காவற்கூலி என்று எண்ணிக்கொள்க. அட்டையை வெளிநாட்டில் பயன்படுத்தப் போவதாகப் புறப்படுமுன் வங்கிக்கு அறிவித்து, அட்டை தொலைந்தால் அழைக்கவேண்டிய இலக்கத்தை வேறோர் இடத்தில் எழுதி வையுங்கள். பணப்பொறியோ கடையிலுள்ள பொறியோ, "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா, இந்நாட்டுப் பணத்தில் கணக்கிடவா?" என்று கேட்டால், அந்நாட்டுப் பணத்தையே தெரிவு செய்க. நம் நாட்டுப் பணத்தில் காட்டப்படும் தொகை பார்வைக்கு வசதியாக இருக்கும்; ஆனால் அந்த வசதிக்கான விலை மாற்று வீதத்துக்குள்ளே ஒளிந்திருக்கும்.

இரண்டாவது, மாற்றும் இடம். அனுமதி பெற்ற நாணயமாற்றுநரிடமோ வங்கியிலோ மாற்றி, பற்றுச்சீட்டு வாங்குக. மிஞ்சிய பணத்தைத் திரும்ப மாற்றும்போது அது கேட்கப்படலாம். கண்ணாடித் துளையை விட்டு நகருமுன் தாள்களை எண்ணுக. பின்னால் நிற்பவர் அவசரப்படுத்தினாலும் எண்ணுக. கொண்டுபோகும் டொலர்த் தாள்கள் கிழியாமலும் மைக்கறை படாமலும் இருக்கட்டும். பழுதுபட்ட தாளைப் பல இடங்களில் வாங்கமாட்டார்கள். தெருவில் வந்து நல்ல விலை சொல்பவனிடம் என் தாயார் கேட்ட இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். நம்மவரிடையே "உண்டியல்" என்று வழங்கும் வழியும் அவ்வாறே. விரைவாகவும் மலிவாகவும் இருப்பது உண்மை. சட்டத்துக்குப் புறம்பான அந்த வழியில் பணம் வராமற் போனால் முறையிடுவதற்கு இடமில்லை.

மூன்றாவது, சில்லறை. இப்போது இந்தியாவில் தேநீர்க் கடை முதல் பூக்காரிவரை கைத்தொலைபேசியால் பணம் வாங்குகின்றனர். அங்கே வங்கிக் கணக்கில்லாத நமக்கு அந்த முறை எளிதிற் கைகூடுவதில்லை. எல்லோரும் தாளைக் கைவிட்டுவிட்ட இடத்தில் சில்லறை கிடைப்பது முன்னிலும் அரிது. ஆகவே சிறு தாள்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அவற்றை அன்றாடப் பையிலும், பெரிய தொகையை உடலோடு ஒட்டிய வேறொரு பையிலும் வைத்தால், சந்தை நடுவே பெரிய கட்டை வெளியே எடுத்து எண்ணும் அபாயமும் நேராது.

அந்த இரண்டாயிரம் ரூபாத் தாளையும் 2023 ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்திய ரிசர்வ் வங்கி புழக்கத்திலிருந்து மீளப் பெறுவதாக அறிவித்தது. நம் நாட்டைப் பற்றியோ சொல்லவேண்டியதில்லை. 2022 ஆம் ஆண்டு தொடக்கத்தில் இருநூறு ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் முந்நூற்றறுபதைத் தாண்டியதையும், வங்கிகளில் டொலர் கிடையாதிருந்ததையும் நாம் அனைவரும் அனுபவித்தோம். வெளிநாட்டிலே படித்துக்கொண்டிருந்த நம் பிள்ளைகள் பலர் வீட்டிலிருந்து பணம் வராமல் அந்த மாதங்களிலே தவித்தனர். 1963 இல் என் தாயார் ஒரு ரூபாவுக்கு ஒரு ரூபாவாகக் கண்ட இந்திய ரூபா, இப்போது நம் பணத்தில் மூன்று ரூபாவுக்கு மேல். நாணயத் தாள் என்பது ஓர் அரசாங்கத்தின் வாக்குறுதி. அந்த வாக்குறுதியின் பொருள் மாறும்போது, உள்ளூர்க்காரனுக்குத் தாங்கிக்கொள்ளச் சுற்றமும் கணக்குக் கடையும் உண்டு, பிரயாணிக்கு இல்லை. முன்னேற்பாடு ஒன்றே அவனுக்குச் சுற்றம்.

நான்காவதாகச் சொல்வதையே நான் முதன்மையாகக் கருதுகின்றேன். பணம் எவ்வளவு இருக்கிறது, எங்கே இருக்கிறது என்பதைப் பயணத்தில் உள்ள ஒருவர் மட்டும் அறிந்திருத்தல் கூடாது. குடும்பத் தலைவர் ஒருவரே எல்லாவற்றையும் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு முன்னே நடப்பதும், மற்றவர்கள் ஒன்றுமறியாமல் பின்னே வருவதும் நம்மிடையே வழக்கம். அவர் கூட்டத்தில் தவறிவிட்டால், மயங்கி விழுந்தால், பை பறிபோனால், பின்னே வருபவர்களின் கதி என்ன? மனைவிக்குத் தெரியட்டும், வளர்ந்த பிள்ளைகளுக்கும் தெரியட்டும். இயன்றால் ஊரிலோ பிறநாட்டிலோ உள்ள உடன்பிறந்தார் ஒருவருக்கும் தெரியட்டும். கேட்பதற்கு வெட்கப்படாத ஓர் உறவு இருக்குமானால், அது எந்த வங்கி அட்டையிலும் உறுதியானது.

2024 ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில், மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு பலாலியிலிருந்து விமானத்தில் சென்னைக்குப் போனேன். முன்னர் ஓரிரவு வண்டியோடிக் கட்டுநாயக்காவுக்குப் போகவேண்டியிருந்த பயணம் அது. புறப்படுவதற்கு முதல்நாள் இரவு மேசையிலே பணத்தை விரித்து, மூன்று பங்காகப் பிரித்தோம். எந்தப் பங்கு யாரிடம் என்பதை மகள் ஒரு கொப்பியிலே எழுதிக்கொண்டாள். இலண்டனுக்கும் ஒரு செய்தி அனுப்பினேன். "சரி அண்ணை, ஏதும் எண்டால் உடனை சொல்லுங்கோ" என்று பதில் வந்தது.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தைந்தைக் கடந்துவிட்டது. எங்களுடன் வரவில்லை. மதுரையில் திறந்த கண்ணால் இன்றும் கண்ணாடியில்லாமலே பூக்கட்டுகிறார். நாங்கள் பணம் பிரிப்பதைக் கதிரையில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து அறைக்குள் போய், அந்தக் கொட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் மகளின் கையிலே கொடுத்தார்.

"சென்னையிலை இறங்கினவுடனை, கொப்பரிட்டைச் சொல்லி நூறு தாளாய் மாத்திப் போட்டு இதுக்குள்ளை வை" என்றார்.

நான் மறுவார்த்தை பேசவில்லை.